"எண்ணெய் இருக்காம்மா?" என்று அப்பா கேட்டார்

"எண்ணெய் இருக்காம்மா?"

ஒவ்வொரு ஞாயிறு இரவும் அப்பா தொலைபேசியில் கேட்கும் கேள்வி இது. "இருக்குப்பா, பாதிக்கு மேல இருக்கு" என்பேன். அவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். நானும்தான். இப்படியே நான்கு மாதங்கள் போயின.

அப்பா கேட்டது எஞ்சின் எண்ணெயைப் பற்றி. நான் சொன்னது பெட்ரோலைப் பற்றி.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் எளிதாக வரும். பெட்ரோல் போடும் இடத்தை எண்ணெய் நிலையம் என்கிறோம். எஞ்சினுக்குள் ஊற்றுவதையும் எண்ணெய் என்கிறோம். மலாயில் இரண்டுமே மின்யாக். பட்டறையில் 'மின்யாக் ஹித்தாம்' என்று சொன்னால்தான் எந்த எண்ணெய் என்பது தெளிவாகும். அந்த ஒரு சொல்லை அப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 2,900 ரிங்கிட் செலவு வந்தது.

சொல்லின் மீது பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நடந்ததில் பெரும்பங்கு என்னுடையது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் அல்லது 'பி' உரிமத்தோடு ஓட்டத் தொடங்கியிருக்கும் மாணவ நண்பர்கள் அதே தவற்றைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை

எங்கள் வீடு தெலுக் இந்தானில். நான் படிப்பது ஈப்போவில். இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அப்பா ஓட்டிவந்த பழைய சிறிய கார் என் கைக்கு வந்தது. அதற்கு வயது 15க்கு மேல். "மெதுவா ஓட்டு, டயர் பாரு, எண்ணெய் பாரு" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

அன்று காலை 9 மணிக்கு வகுப்பில் எங்கள் குழுவின் படைப்பு. குழுவில் நால்வர். தயாரித்த கோப்பு முழுவதும் என் மடிக்கணினியில்தான் இருந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போதே தாமதம். பீடோரில் பிளஸ் நெடுஞ்சாலைக்குள் ஏறும் வளைவில் காரைத் திருப்பியபோது, வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னி மறைந்தது. அகல் விளக்குக்கு மூக்கு வைத்ததுபோல ஒரு வடிவம், நுனியில் ஒரு சொட்டு. பார்த்தேன். அணைந்துவிட்டதே என்று மறந்துவிட்டேன்.

தாப்பாவை நெருங்கும்போது அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. இம்முறை அணையவில்லை. தாப்பாவுக்கு வெளியேறும் வழியைக் காட்டும் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. வெளியேறியிருக்கலாம். ஓரமாக நிறுத்தியிருக்கலாம். ஆனால் மணி எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'ஈப்போ போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பெட்ரோல்தான் பாதி இருக்கிறதே' என்று எண்ணி, பலகையைத் தாண்டிப் போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். எண்ணெய் மிதியை அழுத்தினால் சத்தம் கூடியது, விட்டால் குறைந்தது. அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க வானொலியைக் கூட்டி வைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கோப்பெங் போய்ச் சேருவதற்கு முன்பே கார் ஒருமுறை குலுங்கியது. டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் நின்றுவிட்டது. வேகம் இருந்ததால் எப்படியோ அவசரத் தடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒற்றை ஒலி மட்டும்தான் வந்தது.

படைப்பு எனக்குக் கிடைக்கவில்லை. நண்பர்கள் மூவரும் கோப்பு இல்லாமல் விரிவுரையாளர் முன் நின்றார்கள்.

"பல்பு நல்லாத்தான் இருக்கு"

மறுநாள் அப்பா பேருந்து ஏறி ஈப்போ வந்தார். பட்டறையில் போர்மன் அங்கிள் காரின் பானட்டைத் தூக்கி வைத்திருந்தார். எஞ்சினைக் கையால் திருப்பிப் பார்க்க ஒரு பெரிய ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை.

"வெளக்கு எரிஞ்சதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள், திடீர்னு நின்னிருச்சு" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான் காரணம். அங்கிள் ஒன்றும் பேசவில்லை. காருக்குள் கையை நீட்டிச் சாவியை ஒரு கட்டம் திருப்பினார். அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பல்பு நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.

அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தபோது அரை லிட்டர்கூடத் தேறவில்லை. அந்த எஞ்சினுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் வேண்டும். வடிந்த கொஞ்சமும் கருகி, வெயிலில் காட்டினால் மினுமினுத்தது. அந்த மினுமினுப்பு தேய்ந்துபோன உலோகத்தூள். கீழ்த் தட்டைக் கழற்றிக் காட்டினார். பேரிங் ஒன்று தேய்ந்து கறுத்து, இருந்த இடத்தைவிட்டுச் சுழன்றுபோயிருந்தது. அது பிடித்திருந்த இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. விளக்கு எரிந்த பிறகும் பல கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அந்த நிறமே சொன்னது.

வெளியே வந்து ஐந்தடியில் அப்பா சொன்னார்: "வால்வு மூடியில ஒழுகுதுன்னு எனக்கு ஒரு வருசமா தெரியும்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளிட்டேன். ஞாயித்துக்கெழம காலையில அரை போத்தல் ஊத்திருவேன். அதான் ஒங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்."

கார் வீட்டில் இருந்த காலமெல்லாம் நாங்கள் எழுவதற்கு முன்பே அப்பா எண்ணெய் பார்த்து ஊற்றியிருக்கிறார். கார் ஈப்போவுக்கு வந்த பிறகு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. நான்கு மாதமாக ஒழுகியும் எரிந்தும் எண்ணெய் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்பா அப்படிச் சொன்ன பிறகுதான் நான் விளக்கைப் பார்த்ததையும், தாப்பாவில் வெளியேறாததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எண்ணெய் உள்ளே என்னதான் செய்கிறது?

பட்டறையில் காத்திருந்த நேரத்தில்தான் இதை ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். அறிவியல் பாடம் எடுத்தவர்களுக்கு இது கடினமே இல்லை.

எஞ்சினுக்குள் கிராங்க்‌ஷாஃப்ட் என்ற கனத்த தண்டு சுழல்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு சிறிய கார் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்தில் ஓடினால், அந்தத் தண்டு வினாடிக்கு 50 முறை சுழல்கிறது என்று பொருள். அதைத் தாங்கி நிற்பவை பேரிங்குகள். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அந்த இடைவெளிக்குள் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவது எண்ணெய்ப் பம்பின் வேலை. தண்டு சுழலும்போது எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக மாறித் தண்டைத் தூக்கி மிதக்க வைக்கிறது. கனமழையில் வேகமாகப் போகும் கார் டயர் தண்ணீர்மேல் மிதந்து பிடிமானத்தை இழக்குமே, அதே தத்துவம். சாலையில் அது ஆபத்து. எஞ்சினுக்குள் அதுதான் பாதுகாப்பு. படலம் இருக்கும்வரை இரும்பு பேரிங்கைத் தொடுவதே இல்லை.

எண்ணெய் சூட்டையும் சுமந்து போகிறது. தேய்மானத் தூளையும் கரியையும் வடிகட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இப்போது எண்ணெய் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் கார் திரும்பும்போது கீழ்த்தட்டில் மிச்சமிருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சுகிறது. அழுத்தம் விழுகிறது, விளக்கு மின்னுகிறது. பீடோர் வளைவில் நான் பார்த்தது இதைத்தான். நேர்ச்சாலைக்கு வந்ததும் எண்ணெய் திரும்பிவிட்டதால் விளக்கு அணைந்தது. அந்த மின்னல்தான் எனக்குக் கிடைத்த கடைசி மலிவான எச்சரிக்கை. ஒரு போத்தல் எண்ணெயோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது.

முக்கியமான ஒன்று: அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பெட்ரோல் விளக்கு எரிந்தால் இன்னும் பல கிலோமீட்டர் ஓட்டலாம். அதே பழக்கத்தில் இதையும் பார்க்கக்கூடாது. இந்த விளக்கு எரிந்து நிற்கும்போது எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போதிய அழுத்தத்தோடு போகவில்லை. 3,000 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டினால், தண்டு அந்த நிலையிலேயே 30,000 முறை சுழன்றிருக்கும். எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மாவை இழுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒட்டிக்கொள்வது உலோகம்.

தேர்வுக்குப் படித்தோம், அதோடு விட்டோம்

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இதில் எதுவும் எனக்குச் சொல்லித் தரப்படாதது அல்ல. ஜேபிஜே தேர்வுக்குப் போன எல்லாரும் ஆர்பிகே என்ற வாகனப் பரிசோதனைப் பகுதியைப் படித்திருப்பீர்கள். பானட்டைத் திற, எஞ்சின் எண்ணெயைப் பார், ரேடியேட்டர் நீரைப் பார், பிரேக் எண்ணெயைப் பார், மின்கலத்தைப் பார் என்று வரிசையாகச் சொல்லிக் காட்ட வேண்டும். நான் அதை வீட்டுக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். தேர்வு நாளில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அதிகாரி தலையை ஆட்டினார். தேறினேன். அதன் பிறகு, கார் நெடுஞ்சாலையில் நிற்கும்வரை ஒருமுறைகூட பானட்டைத் திறக்கவில்லை.

டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மீண்டும் விட்டு, எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிந்தவளுக்கு, தன் காரில் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இதை அறிவு என்று சொல்ல முடியுமா?

நாம் பலவற்றை இப்படித்தான் படிக்கிறோம். எஸ்.பி.எம். முடிந்த மறுவாரம் இயற்பியல் சூத்திரங்கள் போய்விடுகின்றன. உராய்வு, அழுத்தம், வெப்பம் எல்லாம் பாடத்தில் வந்தவைதான். தேர்வுத்தாளில் உராய்வைக் குறைக்கும் வழிகளைக் கேட்டால் 'எண்ணெய் இடுதல்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த விடைக்கும் என் காருக்கும் தொடர்பு உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மறந்துபோன சூத்திரத்தால் யாருக்கும் உடனே செலவு வந்துவிடாது. வாகனத்தில் வரும். பிரேக்கோ டயரோ ஆனால் உயிரே போகும்.

வாகனமோட்டும் பயிற்சி நிலையங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே போகும் நாமும் "எப்போ தேர்வு, எப்போ உரிமம்" என்றுதான் கேட்கிறோம். அவர்கள் கொடுக்கும் தாளை ஒப்பித்தால் போதும் என்றால் நமக்கும் வசதிதான். ஆனாலும் ஒரு சிறு மாற்றம் நடக்கலாம். பயிற்சி வகுப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும், காரை எடுப்பதற்கு முன் கற்றுக்கொள்பவரே எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் அமர வேண்டும் என்று வைத்தால் என்ன? வாயால் ஒப்பிப்பதைக் கை பத்து முறை செய்துவிட்டால், பிறகு மறக்காது.

டிப்ஸ்டிக் தம்பிக்குத் தெரிந்திருந்தது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தம்பி இடைநிலைப்பள்ளி மாணவன். கார் ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அப்பா பானட்டைத் தூக்கும்போது டார்ச் விளக்கைப் பிடிக்க அவனைத்தான் கூப்பிடுவார். நான் உள்ளே படித்துக்கொண்டிருப்பேன். "அவ படிக்கட்டும்" என்பார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் காரோடு நெடுஞ்சாலையில் தனியாக நின்றது நான்.

பெற்றோர்களே, மகளுக்குக் காரைக் கொடுக்கும்போது சாவியோடு ஒரு பழந்துணியையும் கொடுங்கள். ஒருமுறை அவள் கையாலேயே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். காரில் ஏதாவது ஒழுகினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'பிள்ளை பயந்துவிடுவாள்' என்று மறைப்பதால் நன்மை இல்லை. தோழிகளே, அண்ணனோ அப்பாவோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்காதீர்கள். ஓட்டுகிறவர் யாரோ அவர்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

அங்கிள் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன்.

எண்ணெய் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள். 'அடுத்த நிலையம் வரை' என்ற பேச்சே வேண்டாம். நெடுஞ்சாலையில் அவசரத் தடத்தில் நிற்க நேர்ந்தால் அபாய விளக்கைப் போட்டுவிட்டு, காரைவிட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொள்ளுங்கள். காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது ஆபத்து. பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழைத்தால் ரோந்துக் குழுவினர் வருவார்கள்.

சமதளமான, பாதுகாப்பான இடத்தில் நின்றிருந்தால், ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், காருக்கு ஏற்ற எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மறுபடியும் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக்கூடாது. அதிகமாகப் போனாலும் எண்ணெய் நுரைத்துக் கெடுதல் செய்யும். பிறகு எஞ்சினை முடுக்கிப் பாருங்கள். சில வினாடிகளில் விளக்கு அணைந்து, வேறு சத்தமும் இல்லையென்றால், நேராகப் பட்டறைக்குப் போய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு அணையவில்லை, அல்லது 'டக் டக்' சத்தம் கேட்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடியும் முடுக்கவே கூடாது. இழுவை லாரிக்குக் கொடுக்கும் காசு எஞ்சினுக்குக் கொடுக்கும் காசைவிட மிகக் குறைவு.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? பம்ப் கெட்டிருக்கலாம், உள்ளே அடைப்பு இருக்கலாம், வெறும் சென்சர் பழுதாகவும் இருக்கலாம். எது என்று சாலையோரத்தில் நின்று ஊகிக்க வேண்டாம். அப்போதும் இழுவை லாரிதான்.

பட்டறையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எங்கே விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், என்ன சத்தம் கேட்டது என்பதெல்லாம் போர்மனுக்கு, மருத்துவரிடம் நாம் சொல்லும் நோய்க்குறி மாதிரி. மறைத்தால் அவர் வேறு இடத்தில் தேடுவார், அதற்கும் கூலி நாம்தான் கொடுக்க வேண்டும். என் அங்கிள் அனுபவசாலி என்பதால் பல்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

எஞ்சின் போய்விட்டால்?

எங்கள் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. முதலாவது, ஓவர்ஹால். எஞ்சினை முழுவதும் பிரித்து, தண்டைக் கடைந்து, புதிய பேரிங்கும் ரிங்கும் போடுவது. 3,800 ரிங்கிட், இரண்டு வாரம். இரண்டாவது, பயன்படுத்திய எஞ்சினை வாங்கி மாற்றுவது. கூலியோடு 2,600. ஆனால் அந்த எஞ்சின் முன்பு எப்படி ஓடியது என்று தெரியாது, உத்தரவாதமும் ஒரு மாதம்தான். மூன்றாவது, காரை அப்படியே பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவது.

இதில் எது சரி என்பது காரைப் பொறுத்தது. காரின் மொத்த விலையே செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் பழுதுபார்ப்பதில் அர்த்தமில்லை. எங்கள் கார் நல்ல நிலையில் 7,000 ரிங்கிட்டுக்குப் போகும் என்பதால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். புது எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்பே அதன் கேஸ்கெட்டுகளை மாற்றச் சொன்னோம். எஞ்சின் வெளியே இருக்கும்போது மாற்றினால் கூலி மிச்சம். எஞ்சின் எண் மாறிவிடுவதால் வாகனச் சோதனை முடித்து ஜேபிஜேயில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. காப்புறுதி கைகொடுக்குமா என்று அப்பா கேட்டார். விபத்துக்கும் திருட்டுக்கும் எடுக்கும் வழக்கமான காப்புறுதியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது என்றார்கள்.

இழுவை லாரி, சோதனை, பதிவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,900. அப்பா வீட்டுக் கூரையை மாற்றச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. விடுமுறை நாட்களில் உணவகத்தில் வேலை செய்து மாதம் 200 வீதம் திருப்பிக் கொடுத்துவருகிறேன். மழைக்காலத்தில் அம்மா சமையலறையில் இன்னும் வாளி வைக்கிறார்.

"இது போர்மன் வேலை" என்பவர்களுக்கு

"காசு கொடுத்து சர்வீஸ் செய்கிறோமே, பிறகு நாம் ஏன் பார்க்க வேண்டும்?" என்று என் நண்பர்கள் கேட்டார்கள். என் காருக்கும் சர்வீஸ் நடந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிய தாளில் அடுத்த சர்வீஸுக்கு இன்னும் கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. அந்தத் தாள் எண்ணெய் எப்போது பழசாகும் என்று மட்டுமே சொல்லும். நடுவில் எவ்வளவு குறைந்தது என்று சொல்லாது. போர்மன் நம் காரை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்கிறார். நாம் தினமும் பார்க்கிறோம்.

"இனி மின்சாரக் கார்தானே" என்றார் ஒருவர். உண்மைதான், அதில் எஞ்சின் எண்ணெய் இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் கையில் மின்சாரக் கார் இருக்கிறது? கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் நிற்பவற்றில் பல, அப்பாவோ மாமாவோ ஓட்டிப் பழசான கார்கள். மின்சாரக் காருக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு, எச்சரிக்கை விளக்கு உண்டு. விளக்கைக் கண்டதும் நிறுத்தும் பழக்கம் இல்லாதவருக்கு எந்தக் காரும் பாதுகாப்பு இல்லை.

உயர்கல்விக்கூடங்களில் உள்ள நம் மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைநிகழ்ச்சிக்கும் விளையாட்டுக்கும் நாள் ஒதுக்குகிறோம். தவணைக்கு ஒரு சனிக்கிழமை காலை, அனுபவமுள்ள ஒரு போர்மனை அழைத்து, வாகன நிறுத்துமிடத்திலேயே இரண்டு மணிநேரம் நடத்துங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். அவரவர் காரின் பானட்டை அவரவரே திறக்கட்டும். எண்ணெய், தண்ணீர், டயர் மூன்றையும் பார்த்துவிட்டுப் போகட்டும். தொழிற்கல்லூரியில் வாகனத்துறை படிக்கும் நம் பிள்ளைகளையும் அழைத்து வந்து அவர்களையே சொல்லித்தரச் சொல்லலாம். எங்கள் பட்டறையில் என் வயது பையன் ஒருவன் பயிற்சிக்கு வந்திருந்தான். நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் அவன் கையால் செய்துகொண்டிருந்தான்.

என் எண்ணத்தில் அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவது செலவுகூட இல்லை, அந்தத் தாப்பா பலகை. எனக்குத் தெரியாத விளக்கு ஒன்று எரிகிறது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியிருந்தால் அரைமணி நேரமும் ஒரு போத்தல் எண்ணெயும் போயிருக்கும். அப்பாவுக்கு ஓர் அழைப்பு போட்டு "சிவப்பா ஒண்ணு எரியுதுப்பா, என்னது?" என்று கேட்டிருந்தாலே போதும். கேட்க வெட்கம், நிறுத்த அவசரம், பிறகு சொல்லப் பயம். மூன்றும் சேர்ந்துதான் அந்த எஞ்சினைத் தின்றன.

இப்போதும் ஞாயிறு இரவில் அப்பா கேட்கிறார், "எண்ணெய் இருக்காம்மா?" என்று. அதற்குள் நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். இரண்டு நிமிட வேலை. "மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழப்பா, நிறம் நல்லா இருக்கு, தரையில சொட்டு இல்ல" என்பேன். பெட்ரோலைப் பற்றி அவர் கேட்பதே இல்லை.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கார் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறியிருந்தால் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு போய் பானட்டைத் திறங்கள். திறக்கும் விசை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? வீட்டில் யாரிடமாவது கேளுங்கள்.